சரிகம தெரியாதவனுக்கு அபிப்பிராயம் எதற்கு?

கேள்வி: எனக்கு சங்கீதம் தெரியாது. காதுக்குப் பிடித்தால் கேட்பேன், அவ்வளவுதான். இளையராஜாவின் ‘திருவாசகம்’ ஆல்பத்தை இரவு படுக்கும்போது போட்டேன், தூக்கம் வந்துவிட்டது. ‘பொன்னியின் செல்வன்’ பாட்டு ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. இப்போது வருவதெல்லாம் வெறும் இரைச்சல். இதை என் மச்சானிடம் சொன்னேன். அவர் தை மாதம் தவறாமல் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போய் உட்காருகிறவர். “சரிகம தெரியாதவனுக்கு அபிப்பிராயம் எதற்குடா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: உரிமை தாராளமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுதான் அபிப்பிராயம். மற்ற இரண்டில் ஒன்று உங்கள் உடம்பைப் பற்றியது, இன்னொன்று உங்கள் வயதைப் பற்றியது.

முதலில் ‘திருவாசகம்’. 2005-ல் வந்தது, புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது, மொத்தம் ஆறு பாட்டு. ‘பொல்லா வினையேன்’ மட்டுமே சுமார் 20 நிமிடம் ஓடும். அதைச் சாப்பிட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துக் கேட்டால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? அது ஆல்பத்தைப் பற்றிய செய்தியே இல்லை, உங்கள் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிய செய்தி. எனக்கும் அந்த ஆல்பத்தில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நம் பக்கத்துக் கோயில்களில் ஓதுவார் திருவாசகத்தை மோகன ராகத்தில் பாடக் கேட்டே வளர்ந்த காது என்னுடையது. பின்னால் அத்தனை வயலின் எழும்பும்போது மாணிக்கவாசகர் கூட்டத்தில் தொலைந்துவிட்டாரோ என்று தேடுகிறது. ‘பூவார் சென்னி மன்னன்’ மட்டும் அப்படித் தேட விடவில்லை. பகலில், உட்கார்ந்து, அந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். நான் சண்டைக்கு வரமாட்டேன்.

‘பொன்னியின் செல்வன்’ மனதில் நிற்கவில்லை என்றீர்களே, அதுதான் அபிப்பிராயம். கேட்டீர்கள், காத்திருந்தீர்கள், தங்கவில்லை. இதில் பாதிக்கு நானும் உங்கள் பக்கம். ‘பொன்னி நதி’ 2022 ஆடிப்பெருக்குக்குச் சில நாள் முன்னால் வெளியானது. ஆற்றில் நிறையத் தண்ணீர் ஓடிய வருடம் அது. நம் ஆற்றைப் பற்றிய பாட்டு என்பதற்காகவே கேட்பதற்கு முன்னால் பாதி மார்க் போட்டுவிட்டேன், இது நேர்மையான மதிப்பீடு இல்லை என்று எனக்கே தெரியும். அடுத்த ஆடிக்குள் முணுமுணுப்பது நின்றுவிட்டது. ‘அலைகடல்’ மட்டும் இன்னும் கூட வருகிறது. ஆனால் அதைப் பேருந்தில் கேட்க முடியாது. டிரைவர் கியர் மாற்றினால் பாட்டு போய்விடும். கும்பகோணம் – தஞ்சாவூர் பேருந்துகளில் இன்றைக்கும் எண்பதுகளின் பாட்டே ஓடுவதற்கு ரசனையோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். அந்தப் பாட்டுகள் இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்கின்றன.

சரி, மூன்றாவது. “இப்போது வருவதெல்லாம் இரைச்சல்.” இந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன், 1992-ல், ஒரு கேசட் ரிக்கார்டிங் கடையில் நின்றுகொண்டு. 60 நிமிட கேசட்டுக்குப் பாட்டு எழுதிய சீட்டைக் கொடுத்தேன். ‘ரோஜா’ போடவா என்று கடைக்காரர் கேட்டார். “அதெல்லாம் கம்ப்யூட்டர் சத்தம்ணே, ஆறு மாசம் தாங்காது” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கொடுத்த பாட்டெல்லாம் பதிந்து, இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்திருக்கிறது. அதில் ‘சின்னச் சின்ன ஆசை’யைப் போட்டுக் கொடுத்துவிட்டார். எழுந்து போய் நிறுத்தச் சோம்பல் என்பதால் அது தினமும் ஓடிற்று. பொங்கலுக்குள் அந்தப் பக்கத்தை முன்னால் ஓட்டி, அந்த ஒரு பாட்டுக்காக நிறுத்திக்கொண்டிருந்தேன். மின்மினியின் குரலில் கம்ப்யூட்டர் எங்கே இருந்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கடைக்காரரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை, பெரிய மனுஷர்.

அதனால் “எல்லாம் இரைச்சல்” என்று மொத்தமாக எழுதித் தராதீர்கள். எந்தப் பாட்டு என்று சொல்லுங்கள். நாலு தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். “எனக்குப் பிடிக்கவில்லை” என்பதற்கு ராகம் தெரிய வேண்டியதில்லை. “மட்டம்” என்பதற்குத்தான் கொஞ்சம் தெரிய வேண்டும். நீங்கள் முதலாவதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதைச் சொல்லிவிடுகிறீர்கள். மச்சானுக்குக் கோபம் வந்தது அதனால்கூட இருக்கலாம்.

ஆனால் அவர் சொன்னதும் சரியில்லை. போன மாதம் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள், நாகஸ்வரக்காரர் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று ‘சிங்காரவேலனே தேவா’ எடுத்தார். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த பையன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். எனக்கு எதிர் இலைக்காரர் அப்பளத்தை நொறுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். 1962-ல் அந்தப் பாட்டுக்கு வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம் என்பதோ, அவர் நம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் என்பதோ, ராகம் ஆபேரி என்பதோ அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது இலைக்குப் பாயசம் வரவில்லை. அதைவிட நல்ல விமர்சனத்தை என் பத்திரிகையில் நான் போட்டதில்லை.

மச்சானுக்கு ஒரு வேலை கொடுங்கள். 1985-ல் வந்த ‘சிந்து பைரவி’யில் சித்ரா பாடி தேசிய விருது வாங்கிய ‘பாடறியேன் படிப்பறியேன்’ அவருக்கும் தெரிந்திருக்கும். நாட்டுப்புற மெட்டாக ஆரம்பித்து, அதே ஓட்டத்தில் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய் முடியும். அந்தக் கீர்த்தனை என்ன ராகம் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். சட்டென்று சாரமதி என்றால், அது இளையராஜா படத்துக்காக மாற்றிப் போட்டது. மச்சானும் நம்மைப் போல சினிமாவில் கேட்டவர்தான், தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுங்கள். காம்போதி என்றால் வாயை மூடிக்கொண்டு, பாடிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிடித்ததா என்று அப்புறம் எனக்கு எழுதுங்கள்.