போட்டிச் சட்ட வழக்கறிஞராக டெல்லிக்குத்தான் போக வேண்டுமா?

கேள்வி: மதுரையில் சட்டப் படிப்பு இறுதியாண்டு. போட்டிச் சட்டம், ஒழுங்குமுறைச் சட்டம் இரண்டிலும் ஆர்வம். வெளிநாட்டு எல்.எல்.எம். தேவையா? சென்னையில் தொடங்கலாமா?

பதில்: எல்.எல்.எம். கட்டாயமில்லை. நிறுவனங்கள் சந்தையில் நியாயமாகப் போட்டியிடுவதைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்தின் உத்தரவுகளைப் படிக்கும் பழக்கம் கட்டாயம். அதன் இணையதளத்தில் எல்லாம் இலவசம். 2002 போட்டிச் சட்டத்தின் பிரிவு 26(1)-இல் விசாரணைக்கு அனுப்பியவற்றையும், 26(2)-இல் தொடக்கத்திலேயே முடித்தவற்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

2011-இல் டிஎல்எஃப் கட்டுமான நிறுவனத்துக்கு ஆணையம் 630 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 19 மாடி என்று விற்ற குடியிருப்பை 29 ஆக்கியதும், ஒருதலைப்பட்ச ஒப்பந்தமும் அங்கே புகார். ஆனால் வழக்கு வென்றது, 'குர்கானின் உயர்விலைக் குடியிருப்பு' என்று சந்தையை வரையறுத்து, அதில் நிறுவனத்தின் ஆதிக்கத்தைக் காட்டியதால்தான். இதே மாதிரி ஒப்பந்தக் குறையோடு வந்த பல பில்டர் புகார்கள், அந்த ஊரில் போட்டியாளர்கள் நிறைய இருந்ததால் 26(2)-இல் முடிந்தன. ஆதிக்கம் இல்லையென்றால், ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பிரிவு 4 பேசாது. அந்த மனுதாரர் போக வேண்டிய இடம் நுகர்வோர் ஆணையமோ, ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமோதான்.

நிறுவனங்கள் இணையவோ, ஒன்றை ஒன்று வாங்கவோ ஆணையத்தின் அனுமதி பெறும் இணைப்பு வேலையில் ஜூனியரின் பொழுது பெரும்பாலும் விற்பனைக் கணக்கு, போட்டியாளர் பட்டியல் திரட்டுவதில் போகும். அலுப்பான வேலைதான், ஆனால் தொழில் அங்கேதான் படிகிறது. அனுமதி கேட்டுத் தாக்கல் செய்யும் நோட்டீஸில் விவரம் குறைந்தால் ஆணையம் அதைச் செல்லாததாக்கலாம். மறுபடி தாக்கல் செய்து, நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2024 செப்டம்பர் 10 முதல், இந்தியாவில் கணிசமான தொழில் உள்ள நிறுவனத்தை வாங்கும் பேரம் 2,000 கோடி ரூபாயைத் தாண்டினாலும் அனுமதி வேண்டும். அனுமதிக்கு முன்பே கைமாற்றினால் பிரிவு 43A-இல் அபராதம்.

ஆணையமும், 60 நாளுக்குள் மேல்முறையீடு போக வேண்டிய தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் டெல்லியில். அபராதத்தை எதிர்த்துப் போனால் அதில் 25 சதவீதம் கட்ட வேண்டும். போட்டிச் சட்டம் மட்டும் போதும் என்றால் டெல்லியோ மும்பையோதான். ஒழுங்குமுறையும் வேண்டும் என்பதால் சென்னையில், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் ஆஜராகும் சீனியரிடம் சேருங்கள். மின் கட்டண மனுவின் எண்களோடு இரண்டு ஆண்டு மல்லுக்கட்டினால், பேலன்ஸ் ஷீட் பயம் போய்விடும். இரண்டும் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்: ஏர்டெல் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், தொலைத்தொடர்புச் சிக்கலை முதலில் அத்துறையின் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தீர்க்கட்டும், பிறகே போட்டி ஆணையம் என்றது.

விண்ணப்பத்தோடு, நீங்கள் படித்த ஓர் உத்தரவைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பை இணையுங்கள்: சந்தை எது, ஆதாரம் எது, எங்கே சறுக்கியது.