கேஸ் முழுவதையும் முதலிலேயே கொடுக்காதீர்கள்

பேச்சு, மொழி, செவித்திறன் குறைபாடுகள் படிக்கும் முதுநிலை மாணவர்களுக்கு கேஸ் (ஒரு நோயாளியின் விவரக் குறிப்பு) வைத்து நடத்தினாலும், நோயின் பெயரைச் சொன்னதோடு நின்றுவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாறு, சோதனை முடிவு எல்லாம் ஒரே தாளில் இருந்தால் மிச்சமிருப்பது பெயரைக் கண்டுபிடிப்பது மட்டும்தான்.

கேஸை நான்கு துண்டாக்குங்கள். முதல் துண்டில் பெற்றோர் சொல்லும் குறை மட்டும்: மூன்று வயதுக் குழந்தை, பத்துப் பதினைந்து சொற்கள்தான் பேசுகிறது, கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறது, சில நேரம் இல்லை. ஐந்து பேர் குழுவில் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேசாமல் எழுதட்டும்: மூன்று சாத்தியங்கள், ஒவ்வொன்றையும் தள்ளிவிட என்ன தகவல் வேண்டும். இதை விட்டுவிட்டால் முதலில் வாய் திறப்பவர் சொல்வதே குழுவின் முடிவாகிவிடும்.

இரண்டாவது துண்டில் சோதனை முடிவுகள். காரணத்தோடு கேட்பவருக்கு மட்டும். இரண்டு காதிலும் ஓஏஇ (உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் சோதனை) சரி என்று கொடுங்கள். பலரும் காது நன்றாகக் கேட்கிறது என்று ஆட்டிசம் பக்கம் போவார்கள். தடுக்காதீர்கள். ஆனால் ஓஏஇ சொல்வது உள்காதில் இருக்கும் வெளி மயிர்ச்செல்களின் வேலையை. அதற்கு அப்பால், செவி நரம்பில் இருக்கும் சிக்கல் அதில் தெரியாது. பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை, ரத்தம் மாற்றினார்கள் என்ற வரி மூன்றாவது துண்டில், பிறப்பு வரலாற்றைக் கேட்டவருக்கே கிடைக்க வேண்டும். பிறகு ஏபிஆர் பதிவு (ஒலி கேட்கும்போது செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகள்). ஒலித் தூண்டலின் ஒரே துருவத்தில் எடுத்ததை மட்டும் காட்டினால் காக்ளியர் மைக்ரோஃபோனிக்கை (உள்காது மயிர்ச்செல்களின் மின் பதில்) நரம்பின் அலை என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு துருவத்தையும் கொடுங்கள். துருவம் மாறும்போது அந்த மைக்ரோஃபோனிக் தலைகீழாவதைப் பார்த்துத்தான் ஆடிட்டரி நியூரோபதிக்கு (உள்காது வேலை செய்தும் செவி நரம்பு வழியே ஒலி சரியாகப் போகாத நிலை; கடும் மஞ்சள் காமாலை அதற்கு ஒரு காரணம்) வந்து சேர வேண்டும்.

வகுப்பு நேரத்தில் பாதியை நான்காவது துண்டான சிகிச்சைக்கு வையுங்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். "மொழி வளர்ச்சி மேம்படும்" என்று இலக்கு எழுதினால் திருப்பிக் கொடுங்கள். "விளையாட்டின்போது, நினைவூட்டாமலே, 10 வாய்ப்பில் 8 முறை சைகையாலோ சொல்லாலோ பொருளைக் கேட்கும்" என்ற அளவுக்கு வர வேண்டும். பெற்றோரால் மாதம் இருமுறைதான் வர முடியும் என்று ஒரு நெருக்கடியும் சேருங்கள்; வீட்டில் யார், எப்போது, எதைச் செய்வது என்று அப்போதுதான் யோசிப்பார்கள்.

உண்மைக் கோப்பிலிருந்து கேஸ் எழுதினால் பெயர், ஊர், குடும்ப விவரங்களை மாற்றுங்கள். சோதனை எண்களில் கைவைக்காதீர்கள். ஆடியோகிராமை (கேட்கும் திறனின் வரைபடம்) மட்டும் திருத்தினால் பேச்சுச் சோதனை மதிப்பெண்ணோடு அது ஒத்துப்போகாது. கவனமாகப் படிக்கும் மாணவர்தான் அதில் குழம்பிப்போவார்.