தேவபுத்திரர் யார், தேவதூதர் யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் ‘தேவகுமாரர்’ என்றும், யோபு புத்தகத்தில் ‘தேவபுத்திரர்’ என்றும் வாசிக்கிறோம். இவர்கள் இரு வகையினரா?

பதில்: தமிழில் இரண்டு சொற்கள் இருப்பதால் எழும் ஐயம் இது. எபிரெய மூலத்தில் ஆதியாகமம் 6:2, யோபு 1:6, யோபு 2:1 ஆகிய மூன்று இடங்களிலும் ‘பெனே ஹாஎலோஹீம்’ என்ற ஒரே தொடர்தான் நிற்கிறது. சங்கீதம் 29:1இல் நம் பழைய மொழிபெயர்ப்பு ‘பலவான்களின் புத்திரரே’ என்று அழைக்கிறது. அங்கே மூலத்தில் உள்ளது ‘பெனே ஏலீம்’, அதாவது பரலோக சபையில் நிற்பவர்களைக் குறிக்கும் நெருங்கிய உறவுடைய தொடர். தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு இந்த மூன்று பெயர்களும் மூன்று கூட்டத்தாரைப் போலத் தோன்றுவது இயல்பே.

எபிரெயத்தில் ‘பேன்’, அதாவது மகன் என்ற சொல், பெற்ற பிள்ளையை மட்டும் குறிப்பதில்லை. ‘தீர்க்கதரிசிகளின் புத்திரர்’ என்றால் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றே பொருள். அப்படியே ‘தேவபுத்திரர்’ என்பதும் தேவனுடைய சபையைச் சேர்ந்தவர் என்ற பொருளில் நிற்கக்கூடும். அவரால் பெறப்பட்டவர் என்று கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

கேள்வி: யோபுவின் தேவபுத்திரர் தூதர்கள்தாம் என்பதற்கு ஆதாரம் என்ன?

பதில்: யோபு 38:7 போதும். பூமிக்கு அஸ்திபாரம் போடப்பட்டபோது ‘தேவபுத்திரர் எல்லாரும் கெம்பீரித்தார்களே’ என்று கர்த்தர் யோபிடம் கேட்கிறார். மனிதன் படைக்கப்படுமுன் ஆர்ப்பரித்தவர்கள் மனிதராக இருக்க வழியில்லை. தானியேல் 3ஆம் அதிகாரத்தையும் திறந்து பாருங்கள். அக்கினிச் சூளைக்குள் பார்த்த நேபுகாத்நேச்சார், நாலாம் ஆளின் சாயல் ‘தேவபுத்திரனுக்கு ஒப்பாயிருக்கிறது’ என்று 25ஆம் வசனத்தில் வியக்கிறான். மூன்றே வசனங்கள் தள்ளி, 28இல், அதே ஆளைக் குறித்து, தேவன் ‘தமது தூதனை அனுப்பி’ தம் தாசரை விடுவித்தார் என்று சொல்கிறான். இரண்டு சொற்களும் ஒரே வாயிலிருந்து, ஒரே ஆளைப் பற்றி வருகின்றன.

கேள்வி: அப்படியானால் ஆதியாகமம் 6இல் பெண்களை மணந்தவர்களும் தூதர்களா? ஆதாமின் குமாரனான சேத்தின் சந்ததியார் என்றே எங்கள் சபையில் கற்பிக்கிறார்கள்.

பதில்: எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சேத்தின் வம்சத்தார் காயீனின் வம்சத்துப் பெண்களை மணந்தார்கள் என்ற விளக்கம் பண்டைய சபைப் பிதாவான அகுஸ்தீன் தம் ‘தேவநகரம்’ நூலின் 15ஆம் பகுதியில் ஆதரித்ததனால் மேற்கத்திய சபையில் வேரூன்றியது. ஆதியாகமம் 4:26இல் சேத்தின் குமாரன் ஏனோசின் நாளில் மனுஷர் கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ள ஆரம்பித்தார்கள் என்றிருப்பதும், வெள்ளத்தால் தண்டிக்கப்பட்டவர்கள் மனிதரே என்பதும் இதற்குப் பலம் சேர்க்கின்றன. யூத மரபில் வேறொரு விளக்கம் உண்டு. அரமேய மொழிபெயர்ப்பான ஓன்கெலோஸ் தர்கூம் ‘பிரபுக்களின் குமாரர்’ என்று எழுதி, அவர்களை அதிகாரமுள்ள மனிதராக்கியது.

ஆனால் இவற்றுக்கு முந்தின வாசிப்பு தூதர் என்பதே. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பின் சில கையெழுத்துப் பிரதிகள் இந்த இடத்தில் ‘தேவதூதர்’ என்றே எழுதுகின்றன. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அப்படியே எழுதினார். ஆதி சபையின் ஆசிரியர்களான யுஸ்தீன், இரேனேயு, தெர்த்துல்லியன் ஆகியோரும் அப்படியே புரிந்துகொண்டார்கள். எர்மோன் மலையில் இருநூறு தூதர் இறங்கியதாகக் கூறும் ஏனோக்கின் புத்தகம் வேதாகம வரிசையில் நமக்கு இல்லை. எனினும் யூதா தம் நிருபத்தின் 14, 15ஆம் வசனங்களில் அதில் காணப்படும் தீர்க்கதரிசன வாக்கை எடுத்தாளுகிறார். 6ஆம் வசனத்தில் ‘தங்களுக்குரிய வாசஸ்தலத்தை விட்டுவிட்ட தூதர்களை’ அவர் குறிப்பிட்டு, அடுத்த வசனத்திலேயே சோதோமின் மாம்ச இச்சையை அதற்கு இணையாக வைக்கிறார்.

ஆதியாகமம் 6இன் சொற்களே என்னைத் தூதர் என்ற பக்கம் சாய வைக்கின்றன. முதல் வசனத்தில் ‘மனுஷர்’ பெருகினார்கள், அவர்களுக்குக் குமாரத்திகள் பிறந்தார்கள் என்றிருக்கிறது. அங்கே மனுஷர் என்பது மனுக்குலம் முழுவதும். அடுத்த வசனத்தில் வரும் ‘மனுஷகுமாரத்திகள்’ மட்டும் திடீரெனக் காயீனின் வீட்டுப் பெண்களாகச் சுருங்குவதற்கு வசனத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. ஆயினும் இது இரட்சிப்பைத் தீர்மானிக்கும் உபதேசமல்ல. உங்கள் போதகர் சேத்தின் வம்சம் என்று கற்பிப்பதற்காக அவரோடு முரண்பட்டு நிற்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: தூதர்கள் ‘கொள்வனையும் கொடுப்பனையும்’, அதாவது திருமண உறவு, இல்லாதவர்கள் என்று இயேசு சொன்னாரே?

பதில்: மத்தேயு 22:30 ‘பரலோகத்திலே’ இருக்கும் தூதரின் நிலையைச் சொல்கிறது. தங்கள் இடத்தை விட்டு விலகியவர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்த வசனத்தின் பொருளல்ல. இந்த எதிர்ப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாதத்தை முடித்துவைக்க அது போதாது.

கேள்வி: உபாகமம் 32:8இல் சில மொழிபெயர்ப்புகள் ‘இஸ்ரவேல் புத்திரர்’ என்றும் சில ‘தேவபுத்திரர்’ என்றும் சொல்வது ஏன்?

பதில்: யூத மரபு காத்துவந்த மசோரெத்திய எபிரெயப் பாடத்தில் ‘இஸ்ரவேல் புத்திரர்’ என்றுள்ளது, நம் பழைய மொழிபெயர்ப்பு அதைப் பின்பற்றுகிறது. கிரேக்கத்தில் ‘தேவதூதர்’ என்றிருந்ததை நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளரின் விளக்கம் என்று எண்ணினார்கள். 1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்த சவக்கடல் சுருள்களுள், நான்காம் குகையின் துண்டு ஒன்றில் எபிரெயத்திலேயே ‘தேவபுத்திரர்’ என்ற வாசகம் இருக்கிறது. ஆகவே கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் தாமாகப் புனையவில்லை, அவர்களுக்கு முன் அப்படியொரு எபிரெயப் பிரதி இருந்தது என்று கொள்ள இடமுண்டு.

கேள்வி: தூதரும் தேவபுத்திரர் என்றால், இயேசுவும் தூதர்களில் ஒருவரா?

பதில்: இல்லை. எபிரெயர் 1:5 இந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்டதுபோல் நிற்கிறது: ‘நீர் என்னுடைய குமாரன்’ என்று தூதரில் யாருக்காகிலும் எப்போதாவது சொன்னதுண்டா என்று அது கேட்கிறது. தூதர்கள் கூட்டமாகத் தேவபுத்திரர் எனப்படுகிறார்கள். ஒருவரும் தனித்து ‘என் குமாரன்’ என்று அழைக்கப்படவில்லை. அதே அதிகாரம் அவர்களைப் ‘பணிவிடை ஆவிகள்’ என்கிறது. நம்மைக் குறித்துப் பவுல் ரோமர் 8:15இல் சொல்வது ‘புத்திரசுவிகாரம்’. சுவிகாரம் எடுத்த பிள்ளைக்கும் சொத்தில் பங்குண்டு என்பதை அறிந்த நமக்கு அந்தச் சொல் விளக்கம் கேட்காது. ஆகவே ஒரே பெயர் மூன்று நிலைகளில் வழங்குகிறது: கிறிஸ்து தன்மையால் குமாரன், தூதர் படைப்பாலும் பரலோக சபையாலும், நாம் சுவிகாரத்தால்.

கேள்வி: எங்கள் சிறு மகள் மறைந்தபோது ‘தேவதூதையாகிவிட்டாள்’ என்று பலரும் ஆறுதல் சொன்னார்கள். வேதம் அப்படிச் சொல்கிறதா?

பதில்: அம்மா, அன்பினால் சொல்லப்பட்ட சொல் அது, சொன்னவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் வேதம் சொல்வது வேறு. லூக்கா 20:36 உயிர்த்தெழுந்தவர்களைத் தூதருக்கு ‘ஒப்பானவர்கள்’ என்கிறதே தவிர, தூதர் ஆவார்கள் என்று சொல்லவில்லை; அதே வசனம் அவர்களை ‘தேவனுக்குப் பிள்ளைகள்’ என்கிறது. எபிரெயர் 12ஆம் அதிகாரத்தில் பரலோக எருசலேமின் வருணனையை வாசித்துப் பாருங்கள். ஆயிரமாயிரம் தேவதூதர்கள் அங்கே இருக்கிறார்கள். பூரணராக்கப்பட்ட நீதிமான்களுடைய ஆவிகளும் அங்கே இருக்கின்றன. இரண்டும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. உங்கள் மகளை நீங்கள் தேட வேண்டியது தூதர் கூட்டத்தில் அல்ல, பிள்ளைகளின் கூட்டத்தில்.