பார்லிமென்டரி டிபேட்ல நல்லா பேசின டீம் ஏன் கடைசியா வருது? ஜட்ஜ் எதை வச்சு முடிவு பண்றாங்க?

சரளமா இங்கிலீஷ் பேசின டீம் நாலாவது வந்துச்சு, திக்கித் திக்கிப் பேசினவங்க ஃபர்ஸ்ட், இது எப்படின்னு கேட்டிருக்கீங்க. காலேஜ்ல டிபேட் பண்ணிட்டு இப்போ ஜட்ஜா உக்கார்றேன், அதனால தெரிஞ்சதை சொல்றேன். நீங்க சொல்ற ரிசல்ட் ரொம்ப சரியாவே இருக்கலாம்.

நாலு டீம்னு சொல்றதால பிரிட்டிஷ் பார்லிமென்டரிங்கற ஃபார்மட்னு எடுத்துக்குறேன். தலைப்பை ஆதரிக்கிற கவர்ன்மென்ட் பக்கம் ரெண்டு டீம், எதிர்க்கிற ஆப்போசிஷன் பக்கம் ரெண்டு (ஒவ்வொரு பக்கத்துலயும் முதல்ல பேசுறது ஓபனிங், அப்புறம் பேசுறது க்ளோசிங்), ஆளுக்கு 7 நிமிஷம், தயாராக வெறும் 15 நிமிஷம். 2014 வேர்ல்ட்ஸ், அதாவது உலகப் பல்கலைக்கழக டிபேட் போட்டி, நம்ம சென்னைல நடந்ததும் இதே ஃபார்மட்தான். ரேங்க்படி 3, 2, 1, 0 பாயின்ட்.

நம்ம ஊர் பட்டிமன்றம் பாத்து வளந்தவங்களுக்கு இங்கதான் குழப்பம் வரும். அங்க கைதட்டு, நகைச்சுவை, கடைசில நடுவரோட சொந்தக் கருத்து எல்லாமே தீர்ப்புல கலந்திருக்கும். இங்க ஜட்ஜோட சொந்தக் கருத்துக்கு இடமே கிடையாது. நியூஸ் படிக்கிற, விஷயம் புரியிற, ஆனா எந்தத் துறையிலயும் நிபுணர் இல்லாத ஒரு சாதாரண வாக்காளரா தன்னை நினைச்சுக்கிட்டு, இந்த ரூம்ல என்னை யாரு அதிகமா நம்ப வச்சாங்கன்னு மட்டும் பாக்கணும். ஆக்சென்ட்டுக்கு மார்க் கிடையாது, இருக்கவும் கூடாது.

உதாரணத்துக்கு ஓட்டு போடுறதைக் கட்டாயமாக்கணும்னு மோஷன், அதாவது விவாதத் தலைப்பு. ஓபனிங் கவர்ன்மென்ட் வந்து "ஏழைங்க குரல் கேக்கும், ஆஸ்திரேலியால 1924லயே கொண்டு வந்துட்டாங்க"ன்னு கம்பீரமா சொல்லிட்டுப் போயிடுறாங்க. ஏன் கேக்கும்? ஓட்டு போடாம இருக்குறது பெரும்பாலும் யாரு, அவங்க வந்தா கட்சி தன் வாக்குறுதிய ஏன் மாத்தும், இது எதுவும் சொல்லல. எனக்கு அந்த லாஜிக் தெரியும், ஆனா அவங்க சொல்லாததை நான் மனசுக்குள்ள பூர்த்தி பண்ணி கிரெடிட் குடுத்தா அது மத்த மூணு டீமுக்கும் பண்ற துரோகம். அப்புறம் க்ளோசிங் கவர்ன்மென்ட்ல ஒரு பொண்ணு தயங்கித் தயங்கி அந்த ஏன்-ஐ படிப்படியா விளக்கி, ஆப்போசிஷன் சொன்ன "விவரம் தெரியாதவங்க ஓட்டு" பாயின்ட்டுக்கும் நேரா பதில் குடுத்தா, அவங்க மேல போயிடுவாங்க. க்ளோசிங் டீம் இப்படிப் புதுசா சேக்குறதுதான் எக்ஸ்டென்ஷன். ஓபனிங் ஏற்கனவே தெளிவா நிரூபிச்சதையே திருப்பிச் சொன்னா க்ளோசிங்குக்கு ஒண்ணும் கிடைக்காது, சொந்தப் பக்க ஓபனிங்குக்கு எதிரா பேசினா (நைஃபிங்னு சொல்லுவாங்க) இன்னும் மோசம்.

ரவுண்டு முடிஞ்சதும் சேர் ஜட்ஜும் (ஜட்ஜ் பேனலோட தலைவர்) விங் ஜட்ஜுங்களும் (பேனல்ல மத்தவங்க) பேசி ஒருமித்த முடிவுக்கு வரப் பாப்பாங்க, நேரம் ஓடிட்டா ஓட்டெடுப்பு. என் பார்வைல நல்ல பேனலுக்கு அடையாளம் டீம்களை ஜோடி ஜோடியா ஒப்பிடுறதுதான். ஓபனிங் ஆப்போசிஷனும் க்ளோசிங் கவர்ன்மென்ட்டும் எங்க மோதினாங்க, அங்க யாரு ஜெயிச்சாங்க, இப்படி. ஒவ்வொரு டீமையும் தனித்தனியா "நல்லா இருந்துச்சு, சுமாரா இருந்துச்சு"ன்னு எடை போடுற பேனல்தான் தப்பு ரிசல்ட் குடுக்கும்.

ரேங்க் முடிவானதுக்கு அப்புறம்தான் ஸ்பீக்கர் ஸ்கோர், அதாவது பேசின ஒவ்வொருத்தருக்கும் மார்க். வேர்ல்ட்ஸ் ஸ்கேல்ல 50லருந்து 100 வரைக்கும், 75ன்னா சராசரி. மேல இருக்கிற டீமோட மொத்த ஸ்கோர் கீழ இருக்கிற டீமை விட அதிகமா இருந்தே ஆகணும், அதனால பேச்சுக்குன்னு தனியா மார்க் குடுத்து சரிக்கட்டலாம்ங்கற பேச்சே இல்ல.

அடுத்த தடவை ஃபீட்பேக் கேக்கும்போது "நாங்க எப்படி பேசினோம்"னு கேக்காதீங்க. எங்களுக்கு ஒரு படி மேல இருக்கிற டீம் எந்த ஆர்க்யுமென்ட்ல எங்களைத் தாண்டினாங்கன்னு கேளுங்க, ஒழுங்கா ஜட்ஜ் பண்ணவங்க நோட்ஸைப் பாத்து ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.