ஒரே சொல்லில் தீர்ப்பு

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரில் வசிக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகனிடம் ஊர்க்கதை சொன்னாலும் சரி, செய்தி சொன்னாலும் சரி, 'உருட்டு', அதாவது கட்டுக்கதை, என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான். அவன் பார்க்கும் காணொளிகளின் கீழேயும் எல்லோரும் அதையேதான் எழுதுகிறார்கள். இத்தகைய சொற்கள் தமிழைக் கெடுக்கின்றன அல்லவா?

செம்பூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தமிழ் கெடவில்லை. அடுத்தவர் பேச்சைக் கிண்டல் செய்யப் புதுச் சொல் தேடாத தலைமுறையே கிடையாது. எங்கள் கல்லூரிக் காலத்தில் சலிப்பூட்டும் பேச்சு 'அறுவை'. அறுப்பதென்றால் கருவி வேண்டுமே. பிளேடு வந்தது, ரம்பம் வந்தது. அப்புறம் 'மொக்கை'. முனை மழுங்கிய கத்தியால் அறுபடுவது எப்படியிருக்கும்! இதில் நல்ல கற்பனை இருக்கிறது. 'உருட்டு'கூடப் பழைய சரக்குதான். 'உருட்டும் புரட்டும்' என்று பெரியவர்கள் சொல்லிவந்த இணையில் ஒரு பாதி.

நம் மும்பை மட்டும் சளைத்ததா? அறுவைப் பேர்வழிக்கு இங்கே 'பக்காவு' என்று பெயர், கேட்பவரை வேகவைத்துவிடுகிறவன். வீணாகக் கத்தினால் 'காலி பீலி போம் மத் மார்' என்பார்கள். அந்தப் 'போம்' மராத்தியர்கள் ஹோலியன்று புறங்கையால் வாயில் அடித்துக்கொண்டு எழுப்பும் கூச்சல்.

கல்யாண் செல்லும் மாலை லோக்கல் ரயிலில் தினமும் ஒன்றுசேரும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலோரத்தில் ஒருவர், மேலதிகாரியைத் தான் எதிர்த்துப் பேசிய கதையை விரித்துக்கொண்டே போவார். எதிரே நிற்கும் நண்பர், கைப்பிடியை விடாமல், 'ஜ்யாதா மத் ஃபேங்க்' என்பார். அதிகம் எறியாதே என்று அர்த்தம். சொன்னவர் சிரித்துவிடுவார். வசனங்களில் பாதியை விழுங்கிவிட்டு, நடந்ததை நேராகச் சொல்வார். முலுண்ட் வரும்வரை பேச்சு ஓடும்.

இணையத்தில் இதே கேலி, முகம் தெரியாத ஒருவர்மேல், அவர் சொல்லி முடிப்பதற்குள் விழுகிறது. இடச்சுருக்கமும் ஒரு காரணம். ட்விட்டரில் 2017 வரை ஒரு பதிவுக்கு 140 குறிகள்தான். தமிழில் கொம்பும் புள்ளியும் தனிக் குறிகள். 'உருட்டு' என்ற நான்கெழுத்துச் சொல்லே ஏழாகிவிடும். காரணத்தோடு மறுக்க இடம் பற்றாது, முத்திரை குத்த ஏழு போதும். பிறகு வரம்பு 280 ஆனது, பழக்கம் மாறவில்லை.

எனக்கு ஆற்றாமை இதில்தான். அளக்கிறவன் தன் பெருமையை நீட்டுகிறான். கயிறு திரிக்கிறவன் இல்லாததை உண்டாக்குகிறான். உளறுகிறவனுக்கோ விஷயமே தெரியாது. மூவரையும் பிரித்தறிய நம்மிடம் சொல் இருந்தது. இப்போது மூவருக்கும் ஒரே முத்திரை. அதோடு, கல்வெட்டுச் சான்றோடு பேசுகிற ஆய்வாளருக்கும் அதுவே. பொய்யும் பிடிக்காத கருத்தும் ஒரே கூடையில் விழுந்தபின் எதை வைத்து விவாதிப்பது?

மகனிடம் அந்தச் சொல்லைத் தடை செய்யாதீர்கள். தடுத்தால் இன்னும் நாலு முறை சொல்வான். அடுத்த முறை, 'நான் சொன்னதில் எந்த இடம் உருட்டு?' என்று சிரித்தபடி கேளுங்கள். இடத்தைக் காட்டினால் அவன் கேட்டிருக்கிறான். அங்கிருந்தே பேச்சைத் தொடரலாம். முழித்தால், கதையை முதலிலிருந்து சொல்லுங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.