எங்கள் சபையில் பாமாலையும் (மேல்நாட்டு மெட்டுப் பாடல்) கீர்த்தனையும் (கர்நாடக ராகப் பாடல்) பாடுவது அருகிவிட்டது. சபையாரை மறுபடி பாட வைக்கவும், புதிய பாடல்கள் எழுத வைக்கவும் என்ன செய்யலாம்?

ஸ்கிரீனில் வரிகள் ஓடுகின்றன, முன்னால் நாலு பேர் மைக்கில் பாடுகிறார்கள், பெஞ்சில் இருப்பவர்கள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழெட்டு வருடம் முன்பு வரை எங்கள் சபையின் கதையும் இதுவேதான்.

நான் முறையாக இசை படித்தவன் இல்லை. நெல்லைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பல வருடமாகப் பாடகர் குழுவில் நிற்கிறேன். கீபோர்டு வாசிக்க ஆள் கிடைக்காத நாட்களில் அதுவும் என் தலையில் விழும். அந்த அனுபவத்தில் இருந்து மட்டும் சொல்கிறேன்.

சபையாருக்கு ஆர்வம் இல்லை, டிவி பார்த்துக் கெட்டுப்போனார்கள் என்றுதான் நாங்கள் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு ஆச்சி என் கையைப் பிடித்துச் சொன்னார்: "தம்பி, நீங்க பாடுற உசரத்துக்கு எங்களுக்கு ஏணிதான் போடணும்." அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். புத்தகத்தில் என்ன சுருதி போட்டிருக்கிறதோ அதையே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறோம். நாலு குரல் பிரித்துப் பாடும் பயிற்சி பெற்ற குழுவுக்காக எழுதிய சுருதி அது. மேலே 'ஈ' (E) என்ற சுரம் வரை போகும். காலை எட்டரை மணிக்கு, தொண்டை இன்னும் திறக்காத ஐம்பது வயது ஆள் அதை எப்படிப் பாடுவார்? கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் சும்மாதானே இருக்கிறது! அடுத்த வாரம் மூன்று படி இறக்கினேன். பின் பெஞ்சுகளில் இருந்து சத்தம் வந்தது. எத்தனையோ வருடம் கழித்துக் கேட்ட சத்தம்.

இன்றைய புதுப் பாடல்களுக்கும் இதே சிக்கல்தான். உச்சக் குரல் உள்ள ஒரு பாடகர் ஸ்டூடியோவில் பாடியதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஆண்களுக்கு எட்டாது, பெண்களுக்கு மேல் ஸ்தாயியில் எட்டாது, கீழே இறங்கினால் குரலே கேட்காது. கீழே 'ஏ' (A), மேலே 'டி' (D), இந்த எல்லைக்குள் மெட்டு நின்றால் பெரும்பாலானவர்கள் பாடிவிடுவார்கள். இதைவிட மலிவான சீர்திருத்தம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கமிட்டியில் தீர்மானம் கூடப் போட வேண்டாம்.

அடுத்தது மைக். ஸ்பீக்கர் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காவிட்டால் மனிதன் வாயை மூடிக்கொள்வான். கடைசிச் சரணத்துக்கு வாத்தியத்தை நிறுத்திவிட்டுக் குழுவினரை மைக்கை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முதல் வாரம் சங்கடமாக இருக்கும். மூன்றாவது வாரம் அதற்காகவே காத்திருப்பார்கள்.

மூன்றாவது, மனப்பாடம். இதில்தான் நாம் நிறையத் தொலைத்திருக்கிறோம். எங்கள் ஊரில் துக்க வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவார்கள். புத்தகம் இருக்காது, வெளிச்சம் சரியாக இருக்காது. ஒருவர் பல்லவியை எடுத்தால் போதும், ஐந்தாறு சரணம் வரிசை மாறாமல் வரும். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. சில மாதம் முன்பு ஒரு துக்க வீட்டில் முப்பது பேர் ஆளுக்கொரு செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பாட்டைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. பாட்டும் இல்லை.

ஸ்கிரீன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு இரண்டு வரியாகக் காட்டினால் பாட்டு யாருக்கும் மனதில் தங்காது. கீர்த்தனைப் புத்தகத்தில் முழுப் பாட்டும் ஒரே பார்வையில் தெரியும். மேலே ராகம், தாளம் எல்லாம் போட்டிருக்கும். அதனால் நாங்கள் ஒன்று செய்தோம். மாதத்துக்கு ஒரே ஒரு கீர்த்தனை. நாலு ஞாயிறும் அதே பாட்டு. அந்த மாதம் ஞாயிறு பள்ளியிலும் அதுதான், பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் அதுதான், வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் அதுதான். "என்ன, திரும்பத் திரும்ப இதையேவா?" என்று முனகியவர்கள் உண்டு. வருடத்துக்குப் பன்னிரண்டு பாட்டு. மூன்று வருடத்தில் முப்பத்தாறு பாட்டு பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லாமல் வரும். ஒரு சபைக்கு அது பெரிய சொத்து.

சரி, புதுப் பாட்டுக்கு வருவோம்.

"பழைய பாட்டா, புதுப் பாட்டா" என்று சபைகளில் நடக்கிற சண்டை எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். நாம் பழசு என்று கட்டிப்பிடித்திருப்பதெல்லாம் ஒரு காலத்தில் துணிச்சலான புதுசு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரிகள் தங்கள் ஊர்ப் பாடல்களைத் தமிழாக்கி அதே ஜெர்மன் மெட்டில் பாட வைத்தார்கள். நம் பாமாலையின் வேர் அங்கே இருக்கிறது. அப்புறம் திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து, சிறுவனாகத் தஞ்சாவூருக்குப் போய் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரியிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் வந்தார். அவர் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியை நினைத்துப் பாருங்கள். குறவஞ்சி என்பது கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிப்பாடிய வடிவம். தலைவி தலைவன்மேல் காதல் கொள்வாள், குறத்தி வந்து குறி சொல்லுவாள். அந்தச் சட்டகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தலைவனாகக் கிறிஸ்துவை வைத்தார். போதாததற்குப் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று அன்றைக்குத் தஞ்சையில் புதிதாக வந்திருந்த வானியலையும் அதற்குள் நுழைத்தார். இன்றைக்கு ஒரு வாலிபன் இப்படி ஏதாவது செய்தால் கமிட்டி சும்மா விடுமா?

பின்னால் இதே சாஸ்திரியார், அடுத்த தலைமுறை மிஷனரிகள் பழைய பாடல்களில் கைவைத்தபோது கடுமையாக எதிர்த்தார் என்பதும் உண்மை. சபைக்குள் சாதி வேறுபாட்டையும் அவர் ஆதரித்தே நின்றார். அதை மறைக்க வேண்டியதில்லை. 1853-ல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்கன் மதுரை மிஷன்காரர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகு அவை சபைகளில் நன்றாகப் பரவின.

அதற்கப்புறம் நான் சொல்லியே ஆக வேண்டிய பெயர் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர், பரட்டை என்று சொன்னால் இன்னும் பலருக்குத் தெரியும். 2005-ல் காலமானார். கர்நாடக ராகக் கீர்த்தனையும் மேல்நாட்டு மெட்டும் யாருடைய இசை என்று கேட்டவர் அவர். கிராமத்துத் தலித் கிறிஸ்தவர்கள் வயலில் பாடுகிற மெட்டும், கேவலம் என்று ஒதுக்கிய பறையும் ஏன் ஆராதனைக்குள் வரக்கூடாது என்று கேட்டதோடு நிற்காமல், அப்படியே எழுதி மாணவர்களைப் பாட வைத்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதையே அவர் தன் இறையியலுக்கு மையமாக வைத்தார். சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு அது உடனே புரியும். நாட்டுப்புறப் பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், பாடுகிறவர் வரியை மாற்றிக்கொள்ளலாம் என்பது. அப்பாவு அதைத்தான் பிடித்துக்கொண்டார். அச்சில் ஏறிய பாட்டை நாம் தொடவே பயப்படுகிறோம்.

எழுத வைப்பது எப்படி என்றால், தயவுசெய்து போட்டி வைக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை வைத்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் "நல்லவரே, வல்லவரே, காப்பவரே, மீட்பவரே" ரகம். 'ரே'யில் முடித்தால் பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். பரிசு பெற்ற பாட்டைப் பரிசு கொடுத்த அன்றைக்கு அப்புறம் யாரும் பாடவில்லை, எழுதியவர் உட்பட.

அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட தேவைக்குப் பாட்டு கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஏராளமாக இருக்கிறது. மழை பொய்த்த வருடத்துக்கு? வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவனை வழியனுப்பும் வீட்டு ஜெபத்துக்கு? பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு? கேட்டுப் பார்த்தால் தெரியும், நம் புத்தகங்களில் எத்தனை ஓட்டை என்று.

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே தொழில்நுட்பம் குறில் நெடில்தான். தமிழில் உயிர் நீண்டால் சொல்லே மாறிவிடும். எங்கள் வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவன் நல்ல மெட்டில் ஒரு பாட்டு கொண்டுவந்தான். "மடியில் என்னைத் தூக்கி வைத்தீர்" என்று முதல் வரி. மெட்டில் முதல் எழுத்தை இரண்டு தட்டுக்கு இழுக்க வேண்டும். இழுத்தான். "மாடியில் என்னைத் தூக்கி வைத்தீர்" என்று கேட்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஒத்திகையே நின்றுபோனது. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணே, மெட்டை மாத்தணுமா?" என்று கேட்டான். மெட்டைத் தொட வேண்டாம், இழுக்கிற இடத்தில் நெடில் வருகிற சொல்லைப் போடு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "தோளில் என்னைத் தூக்கி வைத்தீர்" என்று பாடினான். சொல் தெளிவாக விழுந்தது; தோ, தூ என்று மோனையும் தானாக வந்து உட்கார்ந்தது; நூறு ஆட்டில் தொலைந்த ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் மேய்ப்பனும் வந்துவிட்டார். ஜெர்மன், ஆங்கில மெட்டுக்கு மொழிபெயர்த்த பாமாலைகள் சில இடங்களில் வாயில் இடறுவதற்கும் இதுவே காரணம். வேறு மொழியின் அழுத்தத்துக்குப் பிறந்த மெட்டில் நம் குறில்கள் மாட்டிக்கொண்டு விழிக்கும்.

எழுதியதை நேராக ஞாயிறு ஆராதனைக்குக் கொண்டுவர வேண்டாம். பத்துப் பேர் உள்ள வீட்டு ஜெபத்தில் இரண்டு முறை பாடிப் பாருங்கள். மூன்றாவது முறை பாடும்போது அவர்களாகவே எங்கே வரியை மாற்றிப் பாடுகிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவர்கள் மாற்றியதுதான் சரியாக இருக்கும். எழுதியவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

சட்ட விஷயம் ஒன்று, பலர் கேட்பதால். ஆராதனையில் ஒரு பாட்டைப் பாடுவதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. சபைப் பாட்டுப் புத்தகத்தில் அச்சிடுவது, வீடியோவாக யூடியூபில் ஏற்றுவது எல்லாம் வேறு கதை; உயிரோடு இருக்கும் பாடலாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு தாண்டிய பாடல்களுக்கு இந்தக் கவலை இல்லை.

எங்கள் சபையில் பீடி சுற்றும் ஒரு அக்கா இருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. மழை இல்லாத ஒரு வருடம், தட்டை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டே தாலாட்டு மெட்டில் ஒரு பாட்டு கட்டினார். எங்கள் ஊர்க் குளத்தின் பேரைச் சொல்லி, அது நிறைய வேண்டும், மடை திறக்க வேண்டும் என்று போகும். எழுதி வைக்கவில்லை, அவர் மகள்தான் நோட்டில் எழுதிக் கொடுத்தாள். அந்த வருடம் மழைக்கான ஜெபத்தில் நாலைந்து வாரம் பாடினோம். பக்கத்து ஊர்ச் சபையார் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் எங்கள் குளத்தை எடுத்துவிட்டு அவர்கள் ஊர்க் குளத்தைப் போட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கு இன்னும் அது ஆறவில்லை: "பாட்டு வேணும்னா எடுத்துக்கிடட்டும், எங்க குளத்தை எதுக்கு எடுக்கணும்?" போன வாரம் அந்த ஊரில் இருந்து போன். மூன்றாவது சரணம் அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லையாம், வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பச் சொல்கிறார்கள்.