அடங்கலில் யார் பெயர் இருக்கிறது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் 9 மா (3 ஏக்கர்) நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துப் பதினோரு வருடமாகச் சாகுபடி செய்கிறேன். சம்பா அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது பெய்த தை மழையில் பயிர் சாய்ந்து, கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டது. நிவாரணம் பட்டாதாரருக்குத்தான் என்கிறார்கள். காப்பீட்டுக்குப் பணம் கட்டிய ரசீது இருக்கிறது. எனக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நெல்மணியில் வெள்ளை முளை ஒரு விரற்கடைக்கு நீண்டு நிற்கிறது. மனது கனத்துப்போனது.

நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. ஒன்றை வாங்கினால் மற்றது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் நிவாரணம். 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் சேதமானால் பேரிடர் நிதியிலிருந்து இடுபொருள் மானியம் உண்டு. 2022-26 காலத்துக்கான மத்திய விதிப்படி பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், 2 ஹெக்டேர் வரை. உங்கள் 3 ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 20,600 ரூபாய் வரும். இடுபொருள் என்றாலே விதையும் உரமும்தானே? அதற்குச் செலவழித்தவர் நீங்கள். பட்டாதாரருக்குத்தான் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் நீங்கள்தான் பயிரிட்டீர்கள் என்பதற்குக் காகிதம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் இந்தப் பருவத்து அடங்கல் நகலைக் கேளுங்கள்; எந்த சர்வே எண்ணில் யார் என்ன பயிரிட்டார் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கு அது. அதில் உங்கள் பெயர் இல்லையென்றால், உர ரசீது, அறுவடை வண்டி வாடகைச் சீட்டு, குத்தகை நெல் அளந்ததற்கான துண்டுச்சீட்டு என எது கிடைத்தாலும் சேர்த்து வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நாளைக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டி வந்தால் அந்தச் சீட்டுதான் பேசும்.

நில உரிமையாளர் நல்லவர் என்றால், சாகுபடி செய்பவர் நீங்கள்தான் என்று ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். அது நடக்காது என்றால், 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அவருக்கும் நோட்டீஸ் போகும், உறவு கசக்கலாம். யோசித்து முடிவெடுங்கள்.

அப்புறம் காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரருக்கும் இடமுண்டு. ஆனால் உங்களுக்கு நேர்ந்ததுபோல் அறுக்காமல் நின்ற நெல் நீரில் மூழ்கினால், இதுவரையிலான விதிப்படி உங்கள் வயலை மட்டும் தனியாக அளக்க மாட்டார்கள். உங்கள் வருவாய் கிராமத்தில் சில வயல்களில் மாதிரிக்கு அறுத்து எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி மகசூல் உத்தரவாத அளவுக்குக் கீழே போனால்தான் பணம். நெல் நீரில் மூழ்குவதைத் தனி வயல் இழப்பாக 2026 கரீஃப் (தென்மேற்குப் பருவமழைக்காலச் சாகுபடி) முதல் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. இனிமேல் மூழ்கினால் 72 மணி நேரத்துக்குள் 14447-க்குச் சொல்லுங்கள். அறுத்துக் காயப்போட்ட நெல் 14 நாளுக்குள் பருவம் தவறிய மழையில் கெட்டாலும் இதே 72 மணி நேரக் கெடுதான்.

ரசீதில் உள்ள சர்வே எண்ணையும் பரப்பையும் இன்றே அடங்கலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிராமத்துக்கே இழப்பீடு வந்து உங்களுக்கு மட்டும் வராவிட்டால், உங்கள் விவரத்தைக் கணினியில் பதிவேற்றியவர் செய்த தவறாக இருக்கலாம். அந்தப் பொறுப்பு பதிவு செய்த வங்கி அல்லது இடைநிலை அமைப்பின் மேல்தான் என்று திட்ட நெறிமுறையே சொல்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்தைத் தாண்டாததால் கட்டணமும் கிடையாது.

சாய்ந்த பயிரை உழுதுவிடுவதற்கு முன், சர்வே கல் தெரியும்படி நாலு படம் எடுத்துவையுங்கள்.